மீன்பிடிக் கயாக் வாங்கப்போகிறீர்களா? முதலில் தூக்கிப் பாருங்கள், பிறகு கவிழ்த்துப் பாருங்கள்

கயாக்கில் போய் மீன் பிடிக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. கடைக்குப் போகிறீர்கள். அல்லது பழைய பொருள் விற்கும் செயலியைத் திறக்கிறீர்கள். பத்துப் படகு, பத்து விலை.

"இது நல்ல அகலம் அக்கா, எழுந்து நின்னுகூட மீன் பிடிக்கலாம்" என்கிறார் விற்பவர். தூண்டில் தாங்கி ஆறு, மீன் தேடும் கருவிக்கு ஓர் இடம், போத்தலுக்கு ஓர் இடம்... எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் முதல் படகு வாங்கும் பெண்ணுக்கு அந்த விளம்பரத்தில் இல்லாத இரண்டு கேள்விகள்தான் முக்கியம்.

இதை நான் தனியாகத் தண்ணீர்வரை கொண்டுபோக முடியுமா?

கவிழ்ந்தால் நானே மறுபடி ஏற முடியுமா?

இரண்டில் ஒன்றுக்கு 'முடியாது' என்று பதில் வந்தாலும் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. தூண்டில் தாங்கியைப் பிறகு பத்து வெள்ளிக்கு வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். படகின் எடையையும் அகலத்தையும் பிறகு மாற்ற முடியாது.

பெண்களுக்கென்று தனிக் கயாக் உண்டா?

அப்படிச் சொல்லிச் சில விற்கப்படுவதுண்டு. நிறம் மட்டும்தான் வேறு என்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் எடை, உயரம், கை நீளம், கால் நீளம்... படகுக்குத் தெரிவதெல்லாம் இவைதான்.

பிறகு ஏன் சிக்கல்?

மீன்பிடிக் கயாக்குகளில் பல, கனமான ஆளையும் நிறையச் சாமானையும் சுமக்கும்படி செய்யப்பட்டவை. 200 கிலோகிராமுக்குமேல் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதிகம் தாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். 55 கிலோகிராம் எடையுள்ள பெண் அதில் உட்கார்ந்தால் படகு தண்ணீரில் போதிய அளவு அமிழாது. தக்கை போல மேலே மிதக்கும். அதன் உயரமான பக்கவாட்டைக் காற்று பிடித்துத் தள்ளும். நீங்கள் கரையைப் பார்த்துத் துடுப்புப் போடுவீர்கள். படகின் மூக்கோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் முழுக்க அப்படிப் போராடிவிட்டு, 'எனக்குத் தெம்பு பத்தாது' என்று பலரும் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுகிறார்கள். பாவம், படகின் அளவு அவர்களுக்குப் பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

கணக்கு எளிது. உங்கள் எடையுடன் தூண்டில், குடிநீர், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகை, படகு தாங்கும் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும். 55 கிலோகிராம் ஆள், 15 கிலோகிராம் சாமான் என்றால் மொத்தம் 70. அதற்கு 110 முதல் 150 கிலோகிராம் வரை தாங்கும் படகு போதும்.

அகலமும் அப்படித்தான். 85, 90 சென்டிமீட்டர் அகலப் படகு அமைதியான நீரில் மேசை போல நிற்கும், உண்மைதான். ஆனால் சற்றுக் குள்ளமானவர் அதில் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீரை எட்டுவதற்கே கையை விரித்து நீட்டவேண்டும். விரல் முட்டிகள் படகின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். தோள்பட்டை வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பெண்களுக்குப் பொதுவாக உடல் எடை இடுப்பை ஒட்டித் தாழ்வாக அமைந்திருப்பதால், சற்றுக் குறுகலான படகும் அவ்வளவாக ஆடுவதில்லை. 72 முதல் 80 சென்டிமீட்டர் அகலம், 3 முதல் 3.5 மீட்டர் நீளம்... நடுத்தர உயரமுள்ள பெண்கள் இந்த அளவிலிருந்து தேடத் தொடங்கலாம்.

வகை? மேலே உட்காரும் வகை, சந்தேகமே வேண்டாம். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும். இறைத்து வெளியேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேலே உட்காரும் படகில் தட்டில் உள்ள ஓட்டைகள் வழியே தண்ணீர் தானாக வடியும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

'இது கவிழவே கவிழாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அகலமான படகு நெடுநேரம் அசையாமல் நிற்கும். எல்லை தாண்டினால் எச்சரிக்கை இல்லாமல் ஒரேயடியாகப் புரளும். குறுகலான படகு ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் ஆடும். ஆடுவதாலேயே எப்போது நிமிரவேண்டும் என்று உடம்பு கற்றுக்கொள்ளும்.

மீன் பிடிப்பவர்கள் கவிழ்வது பெரும்பாலும் பெரிய அலையால் அல்ல. மீன் அருகே வந்துவிட்டது, வலையை நீட்டி அள்ளப் பக்கவாட்டில் குனிகிறோம்... அப்போதுதான்! தலை படகின் விளிம்பைத் தாண்டினால் உடம்பும் பின்னாலேயே போகும். மீனைப் படகின் பக்கம் இழுத்துக் கொண்டுவாருங்கள். நீங்கள் மீனின் பக்கம் போகாதீர்கள். பின்பக்கம் இருக்கும் பெட்டியிலிருந்து எதையாவது எடுக்க உடம்பைத் திருப்புவதும் இதே ஆபத்துதான்.

சரி, விழுந்தாயிற்று. உயிர்காப்பு அங்கி உங்களை மிதக்க வைத்திருக்கிறது. படகு தலைகீழாகக் கிடக்கிறது. இனி?

முதலில் படகை விடாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடுப்பகுதிக்கு வாருங்கள். படகின் வயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி மறுபக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து, உடல் எடையைப் பின்னால் சாய்த்து இழுத்தால் படகு நிமிரும். அகலமான படகில் கை எட்டாமல் போவது இங்கேதான். விளிம்பில் ஒரு கயிற்றை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தால் அதை மேலே எறிந்துவிட்டு மறுபக்கம் நின்று இழுக்கலாம்.

அடுத்து ஏறுவது. நேராகத் தொங்கிக்கொண்டு கை பலத்தால் ஏற முயல்வதுதான் எல்லாரும் செய்யும் காரியம். கால் படகுக்கு அடியில் போய்விடும், படகு மறுபடி உங்கள்மேல் கவிழும். அதற்குப் பதிலாக, கைகளைப் படகின்மேல் வைத்துக்கொண்டு, கால்களைப் பின்னால் உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவாருங்கள். நீச்சல் அடிப்பதுபோல் வேகமாக உதைத்து, படகை உங்களுக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். வயிறு படகின் குறுக்கே படுக்கவேண்டும். பிறகு புரண்டு இருக்கையில் உட்காருங்கள். கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இடுப்பு, கால்... இந்த வரிசை மாறக்கூடாது.

இதில் கை பலத்தைவிடக் கால் உதைதான் பெரிய வேலை செய்கிறது. அப்படியும் முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நாடாவில் ஒரு வளையம் கட்டி, அதைப் படகின் மறுபக்கக் கைப்பிடியில் மாட்டி, இந்தப் பக்கம் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அதில் காலை வைத்து ஏணிபோல மிதித்து ஏறலாம். சில வெள்ளி செலவு. வேலை முடிந்ததும் அதைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், காலில் சிக்கக்கூடாது.

இப்போது உயரமான சட்டக இருக்கையைப் பற்றி யோசியுங்கள். புல்வெளி நாற்காலி போன்ற அந்த இருக்கை முதுகுக்குச் சுகம், தூண்டில் வீசவும் வசதி. ஆனால் உயரமாக உட்கார்ந்தால் படகு சீக்கிரம் ஆடும். கவிழ்ந்து ஏறும்போது நடுவில் ஒரு வேலிபோலக் குறுக்கே நிற்கும். உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற இருக்கையாகப் பாருங்கள். ஆரம்பத்தில் சில மாதங்களுக்குத் தாழ்வாகவே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்துபார்க்கவேண்டும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். கால் தரையில் படாத ஆழம் வேண்டும். மீன்பிடிக்கப் போகும்போது உடுத்தும் அதே ஆடை, அதே உயிர்காப்பு அங்கி. நீச்சலுடையில் சுலபமாக ஏறிவிட்டு, நீளக்காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் ஊறிய பிறகு ஏறமுடியாமல் தவிப்பவர்கள் உண்டு. மூன்று முறை விழுந்து மூன்று முறையும் ஏறிப் பாருங்கள். முதல் முறை ஏறுவது பெரிதல்ல. களைத்த பிறகும் ஏறமுடிகிறதா என்பதே சோதனை.

வீவக வீட்டில் இதை எங்கே வைப்பது?

சிங்கப்பூரில் படகைவிடப் பெரிய தலைவலி இது.

துடுப்புப் போடும் சாதாரண மீன்பிடிக் கயாக் 25 முதல் 35 கிலோகிராம் இருக்கும். 10 கிலோகிராம் அரிசி மூட்டை மூன்றை ஒன்றாகக் கட்டி, அதை மூன்று மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் நுழையாது. வீட்டுக்கு வெளியே வைக்கலாம் என்றால் பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தீ விபத்து நேர்ந்தால் அந்த வழியாகத்தான் அண்டைவீட்டு ஆச்சியும் வெளியே வரவேண்டும்.

படகைக் கரையோரத்தில் வாடகைக்கு வைக்க இடம் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் இரண்டு வழி. காற்றடைக்கும் கயாக், அல்லது துண்டுதுண்டாகக் கழற்றி மாட்டும் கயாக். கழற்றும் வகை மின்தூக்கியில் போகும், ஒவ்வொரு துண்டையும் ஒருவரே தூக்கலாம்.

காற்றடைக்கும் வகையை 'பொம்மைப் படகு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடித்தளத்தில் உள்ளுக்குள் ஆயிரக்கணக்கான நூலிழைகளால் தைத்துக் கடினமாக்கிய மாதிரிகள் நன்றாகவே ஓடும். எடை 15 முதல் 20 கிலோகிராம். முதுகுப்பையில் அடங்கும். ஆனால் காற்றுக்கு அவை இன்னும் எளிதில் வளைந்துகொடுக்கும். அப்புறம் முள்! கெளுத்தியின் முள், திருக்கையின் வால் முள், கொடுவாயின் செவுள் மூடி... எல்லாம் கூர்மை. மடியில் ஒரு தடித்த பாய், மீனுக்கு மூடியுள்ள பெட்டி இரண்டும் இருந்தால்தான் இந்த வகை சரிப்படும்.

வண்டியின் கூரையில் ஏற்றுவீர்கள் என்றால் படகு முழுவதையும் ஒரே மூச்சில் தூக்கத் தேவையில்லை. மூக்கைப் பின்பக்கக் கூரைத் தண்டில் சாய்த்துவிட்டு, பின்னால் போய் மிச்சத்தைத் தூக்கித் தள்ளலாம். பாதி எடைதான் கையில் விழும். கீழே இறங்கியபின் சக்கரம் வைத்த தள்ளுவண்டி. பெரிய, காற்றடைத்த சக்கரமாக வாங்குங்கள். பாசிர் ரிஸ் கரையில் நீர் வற்றும் நேரத்தில் மணலையும் சேற்றையும் தாண்டி நெடுந்தூரம் போகவேண்டியிருக்கும். சின்னச் சக்கரம் புதைந்துவிடும்.

மிதித்து ஓட்டும் கயாக் நல்லதா?

நல்லதுதான். கை இரண்டும் தூண்டிலுக்கு, கால் இரண்டும் படகுக்கு. பெண்களுக்குக் கையைவிடக் காலில் பலம் அதிகம் என்பதால் நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நிற்பதும் சுலபம். ஹோபி நிறுவனம் 1997ஆம் ஆண்டு செட்டைபோல அடிக்கும் இயக்கியைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவலானது. சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்துச் சுழலியை இயக்கும் மாதிரிகளும் உள்ளன.

ஆனால் எடை! முழுமையாகப் பூட்டினால் பல மாதிரிகள் 45 கிலோகிராமைத் தாண்டும். விலையும் துடுப்புப் படகைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஆழமில்லாத இடத்தில் இயக்கி தரையில் தட்டும். மீன் பண்ணைகளின் கயிறும் மிதக்கும் பிளாஸ்டிக் பையும் அதில் சுற்றிக்கொள்ளும். கால் குட்டையானவர்கள் இருக்கையை முழுவதும் முன்னால் தள்ளி, மிதிகட்டை வசதியாக எட்டுகிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'முடியும்' என்று சொல்லக்கூடியவர் வாங்கலாம். என்னைக் கேட்டால் முதல் ஆண்டுக்குத் துடுப்பு போதும். மிதிகட்டை பழுதானால் கரை சேர்ப்பது துடுப்புதானே?

மோட்டார் பொருத்த ஆசையா? பொழுதுபோக்குப் படகில் மோட்டார் வந்துவிட்டால் உரிமம் தொடர்பான விதிகளும் வந்துவிடும். வாங்கும் முன்னர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள்.

துடுப்பு, அங்கி, இன்னும் ஒரு விஷயம்

படகுடன் இலவசமாகக் கிடைக்கும் அலுமினியத் துடுப்பு பெரும்பாலும் கனமானது, தண்டும் தடிமன். நிதானமாகப் போனாலும் நிமிடத்துக்கு 40 வீச்சு என்றால் மணிக்கு 2,400 முறை அதைத் தூக்குகிறீர்கள். 300 கிராம் குறைந்தாலும் மாலையில் தோளுக்கு வித்தியாசம் தெரியும். சிறிய கைகளுக்கென்று மெல்லிய தண்டுள்ள துடுப்புகள் உண்டு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 76 சென்டிமீட்டர் அகலப் படகில் உட்கார்ந்தால் 230 சென்டிமீட்டரை ஒட்டிய துடுப்பு சரிவரும். படகு அகலமானாலோ இருக்கை உயர்ந்தாலோ 240. படகில் மிச்சம் பிடித்துத் துடுப்பில் செலவு செய்வது புத்திசாலித்தனம்.

உயிர்காப்பு அங்கியைப் போட்டு எல்லா வாரையும் இறுக்கிவிட்டு, யாரையாவது தோள்பக்கம் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பொருந்தவில்லை. மார்புப் பகுதிக்கு வளைவு விட்டுத் தைத்த பெண்கள் அங்கி கிடைக்கிறது. இங்கே மட்டும் 'பெண்களுக்கு' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் உண்டு. முதுகுப்பக்கம் மெத்தை உயரமாகத் தொடங்கும் வகையாக இருந்தால் இருக்கையின் சாய்மானத்தில் இடிக்காது. விசில் அங்கியிலேயே தொங்கட்டும். கைத்தொலைபேசி நீர்புகாப் பையில், படகில் அல்ல, உங்கள் உடம்பில்.

பலர் கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்று. கடலில் கழிவறை? ஆண்கள் சமாளித்துக்கொள்வார்கள். பெண்கள் பலர் செய்வது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. நம் வெயிலில் அது மயக்கத்தில்தான் முடியும். முதல் சில பயணங்களை இரண்டு, மூன்று மணி நேரத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கழிவறை உள்ள பூங்காவை ஒட்டிய கரையாகத் தேர்ந்தெடுங்கள். பெண்களுக்கான சிறுநீர்ப் புனல் வெளிப்புறச் சாகசப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் பழகிவிட்டுக் கொண்டுபோங்கள். மாதவிடாய் நாளில் போகக்கூடாதா? தாராளமாகப் போகலாம், வயிற்றுவலி இல்லையென்றால்.

எங்கே, எப்போது?

நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகலாம். நம்மைச் சுற்றியுள்ள நீரிணைகளில் நீரோட்டம் மணிக்கு 3, 4 கிலோமீட்டரைத் தொடும் இடங்கள் உள்ளன. எதிர்த்து வந்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஜொகூரின் மெர்சிங் வட்டாரக் கடலில் குழுவாகக் கயாக் ஓட்டிய சிங்கப்பூரர்களில் இருவர் பிரிந்துபோனார்கள். பல நாள் தேடலுக்குப் பிறகு அவர்களது உடல்கள் வெகுதொலைவில் வடக்கே மீட்கப்பட்டன.

அதனால் நீரோட்ட அட்டவணையைப் பார்த்து, போகும்போது எதிர்த்தும் திரும்பும்போது நீரோட்டத்துடனும் வரும்படி திட்டமிடுங்கள். களைத்த கை வீடு திரும்பும் நேரத்தில் கடல் உதவி செய்யட்டும்.

ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியலுக்கு முன்பும் காலையிலும் சுமத்ரா சூறைக்காற்று வரக்கூடும். வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். மீன் நன்றாகக் கடிக்கும் நேரமும் அந்த விடியற்காலைதான், அதுதான் சங்கடம். மேற்கே கறுத்த மேகக்கோடு தெரிந்தால் கடித்த மீனையும் விட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். மின்னல் நேரத்தில் நீட்டிப் பிடித்த கார்பன் தூண்டில் ஓர் இடிதாங்கி.

கப்பல் பாதை, ராணுவப் பயிற்சிக்காக ஒதுக்கிய கடற்பகுதி, ஜொகூர் நீரிணையில் மலேசிய எல்லை... இவற்றை நெருங்கக்கூடாது. உபின் தீவைச் சுற்றியுள்ள மீன் பண்ணைகளில் படகைக் கட்டாதீர்கள். இருட்டில் இருப்பீர்கள் என்றால் வெள்ளை வெளிச்சம் தரும் கைவிளக்கு எடுத்தவுடன் காட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

நீர்த்தேக்கத்தில் அலை இல்லையே, அங்கே இறக்கலாமா? நினைத்த இடத்தில் முடியாது. மீன்பிடிக்க ஒதுக்கிய இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையுடன் மட்டும். படகுக்கு என்ன அனுமதி என்று பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வாங்குவதற்கு முன்...

அடிப்படைக் கயாக் வகுப்பு ஒன்றுக்குப் போய்விடுங்கள். மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையங்களில் ஒரு நட்சத்திரப் பயிற்சி நடத்தப்படுகிறது. விழுந்து எழுவதையும் அங்கேயே கற்றுத் தருவார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் படகை வாடகைக்கும் எடுக்கலாம். நான்கைந்து முறை வெவ்வேறு படகுகளில் போனால், எந்த அகலம் உங்கள் கைக்குப் பொருந்துகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒருவர் பயன்படுத்திய படகை வாங்கலாம், தாராளமாக. புரட்டிப்போட்டுப் பாருங்கள். தரையில் இழுத்தே தேய்ந்திருப்பது பின்முனையின் அடிப்பகுதிதான். தண்ணீர் வடியும் ஓட்டைகளின் உள்விளிம்பில் நகத்தால் தடவிப் பார்த்தால் மயிரிழை விரிசல் தட்டுப்படும். உள்ளே மூன்று, நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்காவது ஈரம் கசிகிறதா என்று பத்து நிமிடம் காத்திருங்கள். கால் தாங்கி நகர்கிறதா, மூடியின் ரப்பர் வெயிலில் உலர்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு விற்பவரிடம், "ஒருமுறை தண்ணீர்ல இறக்கிப் பார்க்கலாமா? கவிழ்த்து ஏறியும் பார்க்கணும்" என்று கேளுங்கள். படகு ஓட்டத் தெரிந்தவர் மறுக்கமாட்டார், சிரித்துக்கொண்டே கூட வருவார். மறுத்தால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.